ரோஜாவுக்கு நான் வைத்த யூரியா

கரும்புக்குப் பழகின கையில் ஒரு ரோஜாச் செடியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று, பிள்ளைகளே, என்னைக் கேளுங்கள். நான் சொல்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மலை தெளிவாகத் தெரிந்தால் வெயில், மங்கலாகத் தெரிந்தால் மழை. எங்களுக்கு அதுதான் கணக்கு. வருசா வருசம் கரும்புதான் போடுகிறேன்.

என் மகள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தாள். ஆறாவதுக்குத் திருக்கோவிலூரில், ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. எனக்கும் என் மனைவிக்கும் சந்தோஷம். அவளுக்குத்தான் இல்லை. "நான் போ மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அடிக்கவும் மனசு வரவில்லை, கெஞ்சவும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செடி விற்கிற பாய் வந்தார். கள்ளக்குறிச்சி டவுன்காரர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். குட்டி யானை வண்டியில் ரோஜா, மல்லி, செம்பருத்தி, கொய்யா எல்லாம் கறுப்புப் பையில் அடுக்கிக்கொண்டு, மைக்கில் கூவிக்கொண்டே தெருத் தெருவாகப் போவார். என் மகள் வண்டி மேலேயே ஏறி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பு. இரண்டு பூ விரிந்திருந்தது, ஐந்து மொட்டு. அவளே எண்ணிச் சொன்னாள்.

வாங்கிக் கொடுத்தேன். வாங்கிய கையோடு அவள் ஒரு பேச்சு வைத்தாள்.

"அப்பா, நான் ஹாஸ்டலுக்குப் போறேன். ஆனா ஆடிப் பதினெட்டுக்கு வூட்டுக்கு வுடுவாங்க இல்ல? அப்ப நான் வர்றப்ப இது பூத்துக்கினு இருக்கணும். இல்லன்னா திரும்பி போ மாட்டேன்."

"இவ்ளோதானா? உங்கப்பன் ஏக்கர் கணக்குல கரும்பு வளக்கறவன்மா. இத்தினூண்டு செடியா எனக்குப் பெருசு?" என்றேன்.

வாசலில் குழாய்க்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்துக் குழி எடுத்தேன். பையைக் கிழித்துச் செடியை இறக்கினேன். கரும்பு ஓர் அளவு வளர்ந்ததும் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மண் அணைப்போம். அதே பழக்கத்தில் இதற்கும் கழுத்து வரைக்கும் மண்ணை ஏற்றி மிதித்துவிட்டேன். கல் மாதிரி நின்றது. எனக்குப் பெருமை. இரண்டு நாள் கழித்து அவளைத் திருக்கோவிலூர் கொண்டுபோய் விட்டேன். அழவில்லை. ஹாஸ்டல் கேட்டுக்கு உள்ளே போய்த் திரும்பி, "தண்ணி மறந்துடாத" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே பூ இரண்டும் இதழ் கொட்டின. அது சரி, பூ என்றால் கொட்டத்தான் செய்யும். ஆனால் ஐந்து மொட்டும் விரியவில்லை. தூங்கி விழுகிற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டன. கீழ் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாச்சு.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டனுடைய போனில் பேச விடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம், வரிசையில் நிற்க வேண்டும். முதல் ஞாயிறு போன் வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் நான்தான் கேட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"செடி எப்டி கீது?"

"ஜம்முனு கீதும்மா."

"எத்தினி பூ?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "மூணு" என்று வாய் சொல்லிவிட்டது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

பிள்ளைகளே, பயிர் வெளுத்தால் எங்கள் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகும். யோசித்துப் போவதில்லை, மூக்கு அரித்தால் கை போகிற மாதிரி. மறுநாள் காலையில் ஒரு கைப்பிடி அள்ளித் தண்டைச் சுற்றிப் போட்டு, குழாயைத் திறந்து குளம் கட்ட விட்டேன்.

"இன்னாங்க, முழுக் கைப்பிடி வெக்கிறீங்க? அது இன்னா கரும்பா?" என்றாள் என் மனைவி.

"வெளுத்துக்கினு நிக்குது, பாக்கலியா? பசி அதுக்கு."

"பசியா, சொரமா? கேட்டுப் பாத்தீங்களா?"

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். கேட்டுப் பார்த்திருக்கலாம். நாலே நாளில் மிச்சமிருந்த பச்சை இலையெல்லாம் ஓரத்திலிருந்து கருகிற்று. நெருப்புக்குப் பக்கத்தில் காட்டின காகிதம் மாதிரி சுருண்டது. அடுத்த ஞாயிறு மகள் கேட்டபோது, போன வாரம் மூன்று என்று சொன்னவன் இந்த வாரம் குறைத்துச் சொல்ல முடியுமா? "நாலு" என்றேன். "எங்க ரூம்ல எல்லார்கிட்டியும் சொல்லிட்டேன்பா, எங்க வூட்ல நாலு ரோஸ்னு" என்று அவள் கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் குரலை ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு இலைகூட மிச்சமில்லை. முள்ளும் குச்சியும், நுனியில் காய்ந்து கறுத்த ஐந்து மொட்டும்தான்.

தெருவில் பாயின் மைக் சத்தம் கேட்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"பாய், அன்னிக்கி என் பொண்ணு எடுத்தாளே, அதே செவப்புல, அதே உசரத்துல ஒண்ணு குடு."

"ஜோடி போடறீங்களாண்ணே? நல்லது நல்லது."

வாசலில் நின்ற என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்: "ஜோடி இல்ல பாய். செத்ததுக்கு மாத்து. ராவோட ராவா புடுங்கிப் போட்டுட்டு புதுசு வெச்சி, பொண்ண ஏமாத்தப் போறாரு."

பாய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். குந்தி உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறினார். மேலே கறுப்பு. கொஞ்சம் கீழே கீறினார், பழுப்பு. இன்னும் கீழே, மண்ணுக்கு ஒரு சாண் மேலே கீறினார். பச்சை. அவரைக்காய்த் தோல் மாதிரி ஈரமான பச்சை.

"சாவலண்ணே. உசுரு கீது." மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஓரத்தில், தண்ணீர் படாத இடத்தில் சிந்தின இரண்டு வெள்ளைக் குருணை கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார். "யூரியாவா?"

"ஒரு கைப்பிடிதான் வெச்சேன்."

"ஒரு கைப்பிடி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்ணே, பொறந்த கொழந்தைக்கு பல்லு மொளைக்கறதுக்குள்ள ஒரு அண்டா பிரியாணி ஊட்டி வுட்டீங்களா?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பூவோட வாங்கினோம், பூக்கல. அது உன் செடி மேல தப்பு இல்லியா பாய்?" என்று கேட்டேன். மானத்தைக் காப்பாற்ற ஏதாவது கேட்க வேண்டுமே.

"அந்தப் பூவு இந்த மண்ணுல பூத்ததாண்ணே? எங்கியோ குளுருல, பச்சை வலை கட்டின நெழலுக்குள்ள சாப்ட்டு பூத்தது. இங்க கொண்டாந்து அனல்ல வெச்சிட்டோம். வேரு இன்னம் பையளவுதான் கீது. கட்டிக்குடுத்த பொண்ண மறுநாளே நூறு பேருக்கு சமையல் பண்ணுன்னு சொன்னா, அது இன்னா பண்ணும்? மொதல்ல குந்த வுடணும்ணே. எடம் பழகணும்."

எனக்கு என் மகள் ஞாபகம் வந்தது.

"இப்ப ஒண்ணு குடுத்தா வெச்சிக்கிறேன்" என்று மறுபடி கேட்டேன்.

"குடுக்க மாட்டேண்ணே. இத நெனச்சி அதையும் கொல்லுவீங்க. மொதல்ல இத நிமித்துங்க."

வியாபாரி ஒருவர் விற்க மாட்டேன் என்று சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் சொன்னபடி கழுத்தில் ஏற்றின மண்ணையெல்லாம் கையால் வழித்தேன். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முடிச்சு மாதிரி ஓர் ஒட்டு இருந்தது. அதைப் புதைத்து மூச்சு முட்ட வைத்திருந்தேன். குருணையைப் பொறுக்கி எறிந்தேன். மேல் மண்ணை மாற்றினேன். உப்பு இறங்கிப் போகட்டும் என்று ஒரே ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிட்டேன். மேற்குப் பக்கம் இரண்டு தென்னை ஓலையை நட்டு, மத்தியான வெயிலை மறைத்தேன். அப்புறம் பாய் கத்தரியை நீட்டினார். "வெட்டுங்க. பச்சை வர்ற வரைக்கும்."

கை வரவில்லை. நுனியில் அந்த ஐந்து மொட்டு இருந்தது. காய்ந்ததுதான். ஆனாலும் என் மகள் எண்ணின மொட்டு.

"கரும்ப வெட்டினதும் தோட்டத்த வுட்டுட்டு போயிடறீங்களாண்ணே?" என்றார் பாய். "கட்டைய சீவி வுட்டா மறுபடி கெளம்பலியா?"

வெட்கமாகப் போய்விட்டது. கரும்பு வெட்டினதும் தரையோடு தரையாகக் கட்டையைச் சீவிவிடுவேன். எவ்வளவுக்குச் சீவுகிறோமோ அவ்வளவுக்குப் புதுத் தூர் கிளம்பும். வருசா வருசம் செய்கிற வேலை. வேர் தேறினால் தழை தானாக வரும் என்று கரும்பில் நம்புகிறவன், ரோஜாவில் பூவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கணுவில் முளை கிளம்புகிற பரு வெளிப்பக்கம் பார்க்கிற இடமாகப் பார்த்து, அதற்கு மேலே சாய்வாக வெட்டினேன். மூன்று குச்சி மிஞ்சியது. ஒவ்வொன்றும் ஒரு சாண்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. எத்தனை பூ என்று அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"செடி காய்ஞ்சி போச்சிம்மா. யூரியா வெச்சி நான்தான் கெடுத்துட்டேன். வெட்டி வுட்டுக்கீறேன்."

"நாலு பூன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேம்மா."

"மூணுன்னு சொன்னது?"

"அதுவும்."

அவள் பக்கம் பிள்ளைகள் வரிசையில் நின்று பேசுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம், "நான் எல்லார்கிட்டியும் சொல்லிட்டேனேப்பா" என்றாள். போன் அடுத்த பிள்ளை கைக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் போனுக்கு வரவே இல்லை. நானே கூப்பிட்டேன். துணி துவைக்கிறாள் என்று வார்டன் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டுக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டாள், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பூ இல்லாதது பாதிதான். மீதிப் பாதி, இனி அப்பனுடைய எந்தச் சொல்லை நம்பி அவள் அங்கே தனியாக இருப்பாள்?

மறு வாரம் போனுக்கு வந்தாள். குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

"உசுரோட கீதா? நெஜமா சொல்லு."

"மூணு குச்சிதான் கீது. ஒரு இலை இல்ல. நகத்தால கீறினா பச்சையா கீது."

"கீறாத. அதுக்கு வலிக்கும்."

அன்றிலிருந்து நான் கீறவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொல்வது என்று வைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் பருவில் சிவப்பாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. ஞாயிறு வந்ததும் சொன்னேன்.

"ஒரு மொளை வந்துக்கீது. அரிசி அளவு."

"முழு அரிசியா, நொய்யா?"

ஒரு நிமிஷம் இரு என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "நொய்தாம்மா."

என் மனைவி, "இப்பதான் மனுசன் ஒழுங்கா பேசறாரு" என்றாள்.

நீங்கள் யாராவது புதுச் செடி வைத்தால் இதை மட்டும் கேளுங்கள். தினம் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாங்கள் நிலத்தில் சொல்வது இதுதான். வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு கொஞ்சம் நடக்க வேண்டும். எருவும் வேண்டாம், உரமும் வேண்டாம், புது இலை பச்சையாகி முற்றுகிற வரைக்கும். சும்மா இருப்பதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டமான வேலை. கை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆடிக் காற்று ஆரம்பித்தது. மலை மேல் மேகம் உட்கார்ந்தது. மூன்று குச்சியும் தழைத்து, செம்பு நிற இலை பச்சைக்கு மாறிற்று. ஒரு கிளையின் நுனியில் ஒரு மொட்டு! நாளை எண்ணிப் பார்த்தேன். சரியாக அவள் வந்து இருக்கிற நாளையொட்டி விரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வழியாகப் போன பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்ததும், "கிள்ளிடுங்கண்ணே" என்றார்.

"இன்னாது?"

"மொத மொட்டு. வேரு இன்னம் பத்தல. இப்ப பூக்க வுட்டா ஒரு பூவு பூக்கும், அப்பறம் மாசக்கணக்குல அப்டியே நிக்கும். கிள்ளினா கெளை பிரியும்."

"அவ வர்றா பாய். இதுக்காகத்தான் வர்றா."

"உங்க இஷ்டம்ணே" என்று வண்டியை எடுத்தார்.

கிள்ளாமல் விட்டிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. பூவைப் பார்ப்பாள், பேச்சுப்படி ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போவாள், வேலை முடிந்தது. என் மனைவியும், "வுடுங்க, பூக்கட்டும்" என்றுதான் சொன்னாள். ஆனால் ஞாயிறு போன் வந்ததும் பாய் சொன்னது முழுக்க ஒப்பித்துவிட்டேன்.

"கிள்ளினா நான் வர்றப்ப பூ இருக்காதா?"

"இருக்காது."

"கிள்ளலன்னா?"

"இருக்கும். செடி எளைச்சிப் போவும்னு சொல்றாரு."

"நான் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும் பண்ணாத" என்றாள்.

ரிஷிவந்தியம், தியாகதுருகம் வழியாகப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பள்ளிக்கூடக் கதை பேசினாள். வீட்டுக்குள்ளே போகாமல் நேராகச் செடிக்குப் போனாள். தொடவில்லை. முழங்கால் போட்டு மொட்டின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள். பச்சைத் தோல் ஒரு பக்கம் பிரிந்து, உள்ளே சிவப்பு நூல் மாதிரி தெரிந்தது. நான்கு நாள் லீவு. நான்கு நாளும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தாள். திரும்பிப் போவாயா என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் துணியை மடித்து மடித்துப் பிரித்தாள் என் மனைவி.

கடைசி நாள் காலை. என் கணக்கு தவறியிருந்தது, இன்னும் இரண்டு நாளில்தான் மொட்டு விரியும் என்று எனக்கே தெரிந்தது. இட்லி தின்றாள். கை கழுவ வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் அந்த மொட்டு இருந்தது. காம்போடு கிள்ளியிருந்தாள்.

"வாப்பா. பஸ்ஸு போயிடும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மொட்டை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினாள். ரூமில் இருக்கிற பிள்ளைகளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எங்கப்பா பொய் சொல்லிட்டாருன்னு சொல்லுவேன். ஏற்கெனவே சொல்லியாச்சி." ஒரு ஊர் தாண்டின பிறகு கேட்டாள்: "காலாண்டு லீவுக்கு பூத்துடும் இல்ல?"

பூத்துவிடும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "சரி" என்றாள்.

ஆவணி மழை நன்றாகப் பெய்தது. கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை பிரிந்தது, மற்ற குச்சிகளும் பிரிந்தன. இப்போதுதான் மக்கின சாணி எரு ஒரு கை, தண்டைவிட்டுத் தள்ளி வைத்தேன். புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலையில் முதல் பூ விரிந்தது. நானும் என் மனைவியும் மட்டும்தான் வீட்டில். ஞாயிறு வர நான்கு நாள் இருந்தது. போன் அடித்ததும் எடுத்து, "பூத்துடுச்சிம்மா" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜம்."

"அம்மாகிட்ட குடு."

கொடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஆமாண்டி, பூத்துதான் கீது, நான் எதிர்லதான் நிக்கறேன்" என்றாள். அந்தப் பக்கம் அவள் ஓவென்று கத்தினது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. அம்மாவிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.